பதினொரு மாதங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

இந்தப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியவை தர்காக்களுக்குப் போனது, கல்யாண வீடுகளுக்குப் போனது, பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனது. இந்த முறை தூரம் மிகக் குறைவு. போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து மாட்டுங்கா, அங்கிருந்து செம்பூர். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இரண்டு நாள் ரயிலில் தனியாக ஊருக்குப் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

"நட்சத்திரக் குழு கூடுகிற இடத்துக்கு எப்படிப் போவது?" என்று சகோதரிகள் சிலர் கேட்டிருந்தீர்கள். வழியைச் சொல்கிறேன். அன்று அங்கே நான் எதற்காகப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்து, பூமி அளவுக்குச் சுருங்கி, ஆனால் எடையில் மட்டும் சூரியனோடு போட்டி போடுகிற நட்சத்திரத்தை வெண்குறுமீன் என்கிறார்கள். எங்கள் குழுவில் அதற்குக் 'குள்ளன்' என்று பெயர். இரண்டு குள்ளன்கள் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகள் உண்டு. சுற்றச் சுற்ற நெருங்கும். நெருங்கி மோதும்போது இரண்டின் எடையும் போதுமானதாக இருந்தால் சூப்பர்நோவாவாக வெடிக்கலாம். அப்படி வெடிக்கக்கூடிய ஜோடி எது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. பயப்பட வேண்டாம், வெடிக்க லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

இதற்கு வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடித்துணிதான் தெரியும். எங்கெங்கோ இருக்கும் தொலைநோக்கிகள் அளந்து வைத்த வெளிச்சம் புள்ளிப் படமாகக் கம்ப்யூட்டருக்கு வருகிறது. ஒரு குள்ளன் இன்னொன்றை மறைக்கும் நேரத்தில் வெளிச்சம் குறைந்து, புள்ளிகள் ஒரு குழி மாதிரி இறங்கும். மாதத்துக்கு ஒரு படம். குழி எந்த நேரத்தில் விழுகிறது என்று பார்த்து ஓர் எண் எழுத வேண்டும். மாதங்கள் போகப் போகக் குழி முன்கூட்டியே விழ ஆரம்பித்தால் அந்த ஜோடி நெருங்குகிறது என்று அர்த்தம்.

நான் ஏழாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். ஆங்கில எழுத்தும் கம்ப்யூட்டரும் மகளின் பழைய பாடப் புத்தகங்களை வைத்து நானாகப் படித்துக்கொண்டவை. மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலத் தொழுகையான அஸர் வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். பிஸ்மி சொல்லித்தான் நோட்டைத் திறப்பேன். எனக்கு ஒதுக்கிய ஜோடி பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி வருவது. நாற்பத்து மூன்று மாதங்களுக்கு நாற்பத்து மூன்று எண்கள் எழுதினேன். கடைசியில் பார்த்தால், முதல் மாதத்தைவிடக் குழி ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே முந்தி விழுந்தது. குழுவை நடத்தும் வித்யா அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் எங்கள் ஜோடியை முதலில் வைத்தார். முதலில் இருக்கும் ஜோடிக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றில் அரை மணி நேரம் கிடைக்கும். வருடத்துக்கு ஒருமுறைதான் எங்கள் குழுவுக்கு அந்த அரை மணி நேரம். என் கணவர் தன் தோல் பட்டறையில் எல்லாருக்கும் அல்வா கொடுத்தார்.

பட்டியலை முடிக்கும் கூட்டத்துக்கு எல்லாப் படங்களையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்து (பக்கம் மூன்று ரூபாய், 129 ரூபாய்) தரையில் பரப்பி, நோட்டில் இருந்த எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஏழாவது மாதத்தில் குழியே இல்லை. கொட்டிய கடுகு மாதிரிப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. நோட்டில் எண் இருந்தது. என் கையெழுத்தில், அழகாக.

பால் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். ஒரு நாள் கட்டத்தில் டிக் இல்லையென்றால் அன்று பால் வரவில்லை என்று நாம் நினைப்பதில்லை. தினமும் அரை லிட்டர்தானே, எழுத மறந்திருப்போம் என்று நிரப்பிவிடுவோம். மாதக் கடைசியில் சரியாகவே வரும். குள்ளன்களுக்கும் நான் அதையே செய்திருந்தேன். அதுவரை எந்தக் கணக்கில் முந்தி வந்ததோ அதே கணக்கில் ஓர் எண்ணைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். பதினொரு மாதங்கள். அதில் எட்டு, கடைசிப் பகுதியில். ஜோடி வேகமாக நெருங்குகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்ட இடமே அதுதான்.

 ஏமாற்ற நினைத்துச் செய்யவில்லை. ஆனால் எழுதும்போது படத்தில் குழி இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துதானே இருந்தது? வித்யாவுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்தேன். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அசல் தாளில், எழுதியவரும் சரிபார்த்தவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது குழுவின் விதி. மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பட்டியல் பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்குப் போய்விடும்.

ஞாயிறு காலை இட்லி தட்டில் இருக்கும்போதே கணவரிடம் சொன்னேன்.

"யாரு அந்த நட்சத்திரத்துல போயி எண்ணிப் பாக்கப் போறா? பேசாம இரு புள்ள" என்றார்.

"பெரிய தொலைநோக்கில பாக்கப் போறாவ மச்சான். என்னய நம்பித்தான."

"பாத்தா அவுகளே கண்டுபிடிச்சிட்டுப் போறாவ. நீயா போயி தலயக் குடுப்பியா? பட்டற பூராவும் அல்வா குடுத்திருக்கேன் நானு."

"அல்வாவத் திருப்பிக் கேக்கவா போறாவ?"

சிரித்துவிட்டார். பிறகு சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்த அர மணி நேரம் வேற யாருக்கும் போவுமோ?" என்று கேட்டார். போகும் என்றேன். "அப்ப அது அமானிதம்லா. போயிட்டு வா" என்றார். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைப்பதுதான் அமானிதம். எனக்கும் அந்தச் சொல்தான் இரவெல்லாம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

7.50க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து லேபர் கேம்ப் வழியாக மாட்டுங்கா ஸ்டேஷன் நடைபாலம் ஏறி இறங்கினால் இரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். செலவில்லை. மாட்டுங்காவுக்கு ஆட்டோ வராது, டாக்ஸிதான். காலை நேரத்தில் நடப்பதே நல்லது. வழியெல்லாம் நபிகள் மேல் ஸலவாத்து ஓதிக்கொண்டே போனேன். பையில் இருந்த தாள்கள் ஒரு கிலோகூட இருக்காது. தோள் வலித்தது.

என் எண்களைச் சரிபார்க்கிறவர் மாட்டுங்காவில் இருக்கும் ஜெயா மாமி. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோட்டைத் தமிழில் எழுதுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும் என்பதால் ஜோடி சேர்த்துவிட்டார்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க நின்றபோதே கதவைத் திறந்துவிட்டார்.

"வாடி நம்பர் ஒன்! காப்பி குடிச்சுட்டு ஜம்முன்னு கிளம்பலாம். என்ன இது, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் ஒவ்வொண்ணையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"பாத்துதான் போட்டியளா மாமி?"

மாமி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். 

"உன் எழுத்து முத்து முத்தா இருக்கும்டி. அதைப் பார்த்துண்டே போட்டுட்டேன்." குரல் இறங்கியிருந்தது. "முப்பத்திரெண்டு வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்தவ. இப்போ நாலு பேர் முன்னாடி, படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொல்லணுமா? இந்த ஞாயித்துக்கிழமை விடு. அடுத்த கூட்டத்துல மெதுவா சொல்லிக்கலாம்."

அந்த நிமிடம் எனக்கு அதுவே நல்ல யோசனையாகப் பட்டது என்பதை மறைக்க மாட்டேன். எங்கள் தமிழ் நோட்டை அந்தக் குழுவில் வேறு யாராலும் படிக்க முடியாது. சரிபார்த்தவர் கையெழுத்து இருந்தால் எண்ணையும் படத்தையும் வேறு யாரும் ஒத்துப் பார்ப்பதும் இல்லை. வித்யாவுக்கே தமிழ் பேச வருமே தவிர எழுத்து தெரியாது. நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் அந்த அரை மணி நேரம் முடிகிறவரை யாருக்கும் தெரியாது. மாமியின் நட்பும் போய்விடுமோ என்று வேறு பயம்.

"நீங்க வர வேணாம் மாமி. எம்மேலதான் தப்புன்னு நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

"ஆமா, நீ தியாகி. கொண்டா அந்தப் பேப்பரை" என்று கண்ணாடியை மாட்டினார்.

சாப்பாட்டு மேஜையில் நாற்பத்து மூன்றையும் பரப்பினோம். இந்த முறை மாமி நிஜமாகவே பார்த்தார், ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து. பத்து படங்களில் குழி இல்லை என்பதில் சந்தேகமே இல்லை. முப்பத்தெட்டாவது மாதத்தில் நின்றுவிட்டார். "இதுல லேசா ஒரு பள்ளம் தெரியறதே?" எனக்கும் தெரிந்தது. தலையைச் சாய்த்தால் தெரிந்தது. நேராகப் பார்த்தால் இல்லை. தாளைத் தலைகீழாகத் திருப்பினோம், மாமி எழுந்து தூரத்தில் போய் நின்று பார்த்தார். அந்த ஒரு படத்துக்கே இருபது நிமிடம். கடைசியில் அவரே, "வேணும்னு பார்த்தா எல்லாத்துலயும்தான் தெரியும்" என்று அதையும் பதினொன்றில் சேர்த்தார்.

இதில் மணி 10.40 ஆகிவிட்டது. இந்த இடத்தில் கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூருக்குப் போகும் ஹார்பர் லைனில் மெகா பிளாக் இருக்கும். தண்டவாள வேலைக்காக அன்று 11.10 முதல் 4.10 வரை ரயில் இல்லை. முதல் நாளே பார்த்துவிட்டுத்தான் கிளம்புங்கள். நான் பார்த்திருந்தேன். ஒன்பதரை வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ வண்டி 10.52. டிக்கெட் ஐந்து ரூபாய், செம்பூர் வரைக்கும் அதே டிக்கெட். சயான், அடுத்தது குர்லா, எட்டு நிமிடம். குர்லாவில் பாலம் ஏறி ஹார்பர் பிளாட்பாரத்துக்கு இறங்கும்போது ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. மாமிக்கு முட்டு வலி, ஓட முடியாது. அதுதான் பிளாக்குக்கு முந்தைய கடைசி வண்டி என்று மைக்கில் சொன்னார்கள். பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் ஆட்டோக்காரர்களுக்குத் திருவிழா. ஒருவர் நூற்றைம்பது என்றார். மாமி மராத்தியில் ஏதோ சொல்ல, இன்னொருவர் சிரித்தபடி மீட்டரைப் போட்டார். நாலரை கிலோமீட்டர்தான். பிளாக் தினம் என்பதால் ரோடெல்லாம் பஸ்ஸும் ஆட்டோவும், நகரவே இல்லை. நான் தாள்களை மடியில் இறுக்கிப் பிடித்திருந்ததை அவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். இந்தியில் கேட்டார், தமிழில் தருகிறேன்:

"என்ன ஆன்ட்டி, கோர்ட் கேஸா?"

"ஞாயிற்றுக்கிழமை ஏதப்பா கோர்ட்?" என்றார் மாமி.

"அப்போ பொண்ணு பார்க்கவா? இந்தம்மா முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"நட்சத்திரம் பார்க்க."

"பகல்லயா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு குள்ளன்களும் எவ்வளவோ தூரத்தில் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன; பதினொரு இடத்தில் நான் பேனாவால் அவற்றை நெருக்கி வைத்திருக்கிறேன். அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மீட்டர் 86 ரூபாய். 11.50க்கு இறங்கினோம்.

கூட்டம் நடப்பது செம்பூரில் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடி அறையில். ஸ்டேஷனிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். வாசலில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். உள்ளே இருபது பேர் இருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் வித்யா, "லோ, இதோ வந்துட்டாங்க நம்ம ஃபர்ஸ்ட் பிளேஸ் ஆன்ட்டிங்க!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைப் போல என்னைப் பயமுறுத்திய சத்தம் வேறில்லை.

உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே மேஜைக்குப் போய்த் தாள்களை வைத்தேன். "வித்யா, இதுல பதினொண்ணு நான் பாக்காம எழுதுனது" என்றேன். சத்தமே வரவில்லை. திரும்பவும் சொன்னேன். மாமி பின்னாலிருந்து, "நான் பார்க்காம கையெழுத்துப் போட்டது" என்றார்.

வித்யாவின் முகம் மாறியது. படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கெஸ்ஸா ஆன்ட்டி இது? இந்த எட்டும்?"

"ஆமா."

"நேத்தே லிஸ்ட் அனுப்பியிருந்தா? அங்க என் பேர்தான போயிருக்கும்? சோச்சோ தோ சஹி, யோசிச்சுப் பாருங்க."

 அவர் லேப்டாப்பில் பதினொன்றையும் எடுத்துவிட்டு மிச்சம் முப்பத்திரண்டை மட்டும் வைத்து மறுபடி வரைந்தார். நெருங்குவது போலவும் இருந்தது, நெருங்காதது போலவும் இருந்தது. "இல்லைன்னு சொல்லல. தெரியாதுன்னுதான் சொல்ல முடியும்" என்றார். பட்டியலின் முதல் வரியை அழித்தார். பிறகு சிவப்புப் பேனாவைக் கொடுத்து அசல் தாளில் பதினொரு எண்களையும் அடித்துக் கோடு போடச் சொன்னார். நான் போட்டேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாமி கையெழுத்துப் போட்டார்.  ஆறு மாதத்துக்கு எங்கள் தாள்களை மூன்றாவதாக இன்னொருவரும் பார்ப்பார் என்று வித்யா சொன்னார். அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

"சரி, அப்போ செகண்ட் பிளேஸ் மேல வருது" என்று அவர் பாண்டுப்பிலிருந்து வரும் பெரியவரைப் பார்த்தார். ஒரு மில்லில் டைம் கீப்பராக இருந்தவர். சந்தோஷப்பட வேண்டிய மனிதர் எழுந்து மேஜைக்கு வந்து, அசல் தாள்களின் அடுக்கிலிருந்து தன் தாளை உருவினார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா" என்றார். "எனக்கும் ஒரு நாலு இடம் பார்க்க வேண்டியிருக்கு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் இன்னும் இரண்டு பேர் எழுந்து தங்கள் தாளைத் தேடினார்கள். வித்யா தலையில் கை வைத்துக்கொண்டார். "அரே, எல்லாருமா?"

மணி பன்னிரண்டரை. கடைசியில் எஞ்சியது வாஷியிலிருந்து வரும் நர்ஸ் அக்காவின் தாள். நாற்பது மாதத்தில் பத்தொன்பதில் எண்ணுக்குப் பதில் 'தெரியவில்லை' என்று வெறும் கோடு. 'சல்லடை' என்று அதை நாங்கள் எல்லாரும் கேலி செய்திருக்கிறோம், நானும்தான். வித்யா அந்த இருபத்தொரு எண்களைப் படங்களோடு ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"ஐயோ, எனக்கா? அந்த அரை மணி நேரத்துக்கு டியூட்டி மாத்திப் போடச் சொல்லணுமே" என்றார் அந்த அக்கா. 

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியல் போயிற்று. நான் பக்கத்து அறையில் இடம் கேட்டு லுஹர் தொழுதேன். வெகு நேரம் நெற்றி தரையில் படிய ஸஜ்தாவில் இருந்தேன்.

திரும்பும்போது ரயில் கிடையாது. மாமி டாக்ஸியில் போய்விட்டார். நான் செம்பூரிலிருந்து சயானுக்கு பஸ்ஸில் வந்து (பத்து ரூபாய், உட்கார இடம் கிடைத்தது) அங்கிருந்து நடந்தேன், இருபத்தைந்து நிமிடம். கணவர் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையில் என்ன சொல்லப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: சனிக்கிழமைக் கூட்டமும் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், பிளாக் தொல்லை இல்லை. மாடிப்படி உண்டு, முட்டு வலி உள்ளவர்கள் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். படிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். படங்களை அச்செடுப்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்; எடுத்ததும் எண்ணை மூடி வைத்துக்கொண்டு படத்தை முதலில் பாருங்கள். தெரியாத இடத்தில் கோடு போடுங்கள். எத்தனை கோடு விழுந்தாலும் யாரும் வெளியே அனுப்புவதில்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போன வாரம் என் ஜோடியின் புது மாதப் படம் வந்தது. குழி இருக்கிற மாதிரி இருந்தது, முந்தியே விழுந்த மாதிரியும் இருந்தது. அது இருக்க வேண்டும் என்று என் மனம் எவ்வளவு ஆசைப்படுகிறது என்று எனக்கே தெரிந்தது. வெகு நேரம் பார்த்துவிட்டு ஒன்றை எழுதினேன். என்ன எழுதினேன் என்று சொல்லாமல் மாமிக்குப் படத்தை மட்டும் அனுப்பி, போன் செய்தேன்.

"நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க மாமி."

"நீ வாயைத் திறக்காதே" என்றார். "இரு, கண்ணாடி எடுத்துண்டு வரேன்."